தின்னக்கூடிய அறிவியல் சோதனைகள் சொல்லுங்களேன் (வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள், 9 வயதும் 6 வயதும்)

கோபி_அம்மா

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். போன வருடத்திலிருந்து பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டிலேயேதான் படிக்கிறார்கள். மூத்தவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 6. தமிழும் கணக்கும் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறது, அறிவியல்தான் இடிக்கிறது.

வலையில் தேடினால் வருவதெல்லாம் ஒரே மாதிரி. வினிகரில் சோடா போட்டு எரிமலை, கலர் மிட்டாயைத் தட்டில் அடுக்கித் தண்ணீர் ஊற்றுவது, மார்ஷ்மெல்லோவில் பல்குத்தியைச் செருகிக் கட்டடம் கட்டுவது. மார்ஷ்மெல்லோவுக்கு நான் ஈரோடு போக வேண்டும். வாங்கி வந்து செய்தாலும் 5 நிமிடம் ஆவென்று பார்த்துவிட்டு அவ்வளவையும் குப்பையில் கொட்டுகிறோம். தின்கிற பண்டத்தைக் கொட்டுவது எனக்கு ஆகவே ஆகாது.

இதைக் கேட்கத் தோன்றியதே போன வாரம் நடந்த ஒன்றால்தான். ஐப்பசியில் இட்லி மாவு பொங்கி, போசியைத் தாண்டி மேடையெல்லாம் வழிந்தது. மார்கழி பிறந்ததும் அதே அரிசி, அதே உளுந்து, அதே போசி, காலையில் திறந்தால் ராத்திரி கரைத்து வைத்தபடியே கிடக்கிறது. மகள் எட்டிப் பார்த்து, “ஏம்மா, இன்னிக்கு இதுக்கு என்னாச்சு?” என்றாள். குளிருக்குப் பொங்காது கண்ணு என்றேன். “குளுந்தா ஏன் பொங்காது?” என்றாள். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமாக மாவாட்டுகிறேன், இதை யோசித்ததே இல்லை.

அதனால் நம் அடுப்படியில் இருப்பதை வைத்தே செய்கிற மாதிரி, செய்து முடித்துச் சாப்பிடுகிற மாதிரி, ஆனால் வெறும் சமையலாகப் போய்விடாமல் நிஜமாகவே அறிவியலாக இருக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள். மாமனார் வேறு, படிக்க வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை அடுப்படியில் நிற்க வைத்திருக்கிறாயே என்று கேட்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. சமையலுக்கும் சோதனைக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

இன்னொன்று, சின்னவனுக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது, உதடு வீங்கிவிடும். கடலை இல்லாததாகச் சொல்லுங்கள்.

பெருந்துறை_வேதியியல்

அம்மணி, நான் 31 வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். உங்கள் மகள் கேட்டதைவிட நல்ல கேள்வியை என் வகுப்பில் அதிகம் கேட்டதில்லை, அதனால் அதிலேயே ஆரம்பியுங்கள்.

உங்கள் மாமனாருக்கான பதில் இதுதான். ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து, என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுச் செய்தால் அது சோதனை. அந்த மூன்றும் இல்லையென்றால் சமையல். சமையல் ஒன்றும் மட்டமில்லை, ஆனால் அது வேறு.

மாவுக்கு வருவோம். வழக்கம்போல நாலுக்கு ஒன்று ஆட்டிக் கரைத்ததும், ஒரே அளவான 3 எவர்சில்வர் டம்ளரில் பாதி பாதி ஊற்றுங்கள். எவர்சில்வரில் உள்ளே தெரியாது, கண்ணாடி டம்ளர் இருந்தால் இன்னும் நல்லது, மாவின் மட்டத்தில் ரப்பர் பேண்ட் போட்டுவிடலாம். ஒன்று மேடையில், ஒன்று ஃப்ரிட்ஜில், ஒன்று கம்பளியில் சுற்றி அரிசி மூட்டைக்குள். எது எவ்வளவு ஏறும் என்று இரண்டு பிள்ளைகளும் முதலிலேயே தனித்தனியாக எழுதட்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. தூங்கப்போகும் முன் ஒரு தடவை, விடிந்ததும் ஒரு தடவை, அப்புறம் பத்து மணிக்கு ஒரு தடவை, ஸ்கேல் வைத்து ரப்பர் பேண்டுக்கு மேல் எத்தனை செ.மீ. ஏறியது என்று அளக்கட்டும்.

காரணத்தை அளந்து முடித்த பிறகு சொல்லுங்கள், முன்னால் சொல்லாதீர்கள். உளுந்தோடும் அரிசியோடும் நுண்ணுயிர்கள் கூடவே வருகின்றன, நாம் யாரும் போடுவதில்லை. லியூகோநாஸ்டாக் என்பது அதில் முக்கியமான ஒரு வகை. அவை மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே விடுகின்றன. அமிலத்தால் புளிப்பு வருகிறது, வாயுவால் மாவு எழும்புகிறது. 30 டிகிரி வாக்கில் அவை சுறுசுறுப்பாக இருக்கும், குளிரக் குளிர மந்தமாகும், ஃப்ரிட்ஜுக்குள் அநேகமாக உறங்கிவிடும். ஐப்பசி மாவுக்கும் மார்கழி மாவுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த தடவை சூட்டைத் தொடாமல் உளுந்தை மாற்றுங்கள். ஒரு டம்ளரில் உளுந்தே இல்லாத அரிசி மாவு. உளுந்தின் வழுவழுப்பும் புரதமும்தான் வாயுவை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கின்றன, அது இல்லாமல் எவ்வளவு புளித்தாலும் மாவு எழும்பாது, இட்லி கல்லாகத்தான் வரும். அந்தக் கல்லையும் பிள்ளைகள் கடித்துப் பார்க்க வேண்டும். மிச்சத்தை உதிர்த்து உப்புமா தாளித்துவிடலாம். மூன்றாவது தடவை உப்பு: ஒன்றில் முதலிலேயே, ஒன்றில் காலையில். என்ன வரும் என்று நான் சொல்லப்போவதில்லை.

இன்னொன்று, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே இருப்பது. சந்தகை (அரிசிச் சேவை) பிழிகிற அன்று மஞ்சள் போட்டுத் தாளித்ததில் ஒரு கை தனியாக எடுத்து வையுங்கள், எலுமிச்சை பிழியாமல். கால் டம்ளர் தண்ணீரில் இரண்டு சிட்டிகை சமையல் சோடா கரைத்து, கரண்டிக் காம்பால் ஒரு சொட்டுத் தொட்டு வைத்தால் அந்த இடம் மட்டும் செங்கல் நிறமாகச் சிவக்கும். மேலே எலுமிச்சையைப் பிழிந்தால் லேசாக நுரைத்து மறுபடி மஞ்சளாகிவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் (மிளகாய்க் காரமில்லை, சோடா மாதிரி அமிலத்துக்கு எதிரானது) பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் திரும்பும். கல்யாணத்தில் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதேதான், அங்கே சோடாவுக்குப் பதில் சுண்ணாம்பு. உங்கள் மகள் ஆரத்தியைப் பார்த்திருப்பாள், அவளே சொல்கிறாளா என்று பாருங்கள்.

சுண்ணாம்பை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வைக்கே மோசம். சோடாவிலும் கவனம், சலவைச் சோடா வேறு, சமையல் சோடா வேறு. இரண்டும் வெள்ளைப் பொடி, நிறைய வீடுகளில் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கும்.

காங்கேயம்_தொழுவம்

ஐயா சொன்னது அத்தனையும் சரிங்க. என் பங்குக்கு ஒன்று, மாடு வைத்திருக்கிறவர்கள் செய்யலாம்.

போன சித்திரையில் எங்கள் மாடு கன்று போட்டது. கன்று வயிறு நிறையக் குடித்த பிறகுதான் கறந்தோம், அது முக்கியமுங்க, அந்தப் பால் முதலில் கன்றுக்குத்தான். பையனுக்கு 10 வயது. சீம்பாலில் ஒரு கிண்ணம், இன்னொரு மாட்டின் சாதாரணப் பாலில் ஒரு கிண்ணம், இரண்டிலும் ஒரே அளவு நாட்டுச் சர்க்கரை, ஏலக்காய், ஒரே இட்லிச் சட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேக வைத்தோம். 20 நிமிடம் கழித்து மூடியைத் திறந்தால் ஒன்று கத்தியில் வெட்டுகிற மாதிரி கட்டியாக நிற்கிறது, இன்னொன்று வெறும் சுடுபால். பையன் கிண்ணத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். “இதுவும் பால், அதுவும் பால், ஒரே சூடுதானே?” என்றான்.

அப்புறம் அவனே சொல்லித்தான் இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நாலாம் நாள் என்று தினமும் இரண்டு கிண்ணம் வைத்தோம். இரண்டாம் நாள் ஆடியது. மூன்றாம் நாள் கரண்டியால் அள்ளுகிற பதம். நாலாம் நாள் கெட்டியாகவே இல்லை, கொஞ்சம் திரிதிரியாக இருந்தது, அவ்வளவுதான். தினமும் கரண்டியை நட்டு வைத்து நிற்கிறதா சாய்கிறதா என்று படம் போட்டு வைத்திருக்கிறான்.

கால்நடை மருத்துவரிடம் கேட்டபோது விளக்கினார். மனுசக் குழந்தைக்கு வருகிற மாதிரி கன்றுக்கு வயிற்றுக்குள் இருக்கும்போதே தாயிடமிருந்து நோய் எதிர்ப்பு வருவதில்லை, பிறந்ததும் சீம்பாலில்தான் வருகிறது. அந்த எதிர்ப்புப் புரதங்கள் முட்டை மாதிரி சூட்டில் உறைகிறவை. சாதாரணப் பாலில் அது கொஞ்சமாகத்தான் இருக்கும், அதில் அதிகம் இருக்கிற கேசின் வெறும் சூட்டுக்கு உறையாது, புளிப்பு பட்டால்தான் திரியும். அதையும் உடனே செய்து பார்த்துவிட்டோம், சுடுபாலில் எலுமிச்சை பிழிந்ததும் திரிந்து பன்னீர் ஆயிற்று. எதிர்ப்பு சக்தி, தடுப்பூசி எல்லாம் புத்தகத்தில் பின்னால் வரும், இவன் கிண்ணத்தில் பார்த்துவிட்டான்.

திருப்பூர்_நைட்ஷிப்ட்

நான் வேலைக்குப் போகிறவள், மகளைச் சனி ஞாயிறுதான் கவனிக்க முடியும். எனக்கு ஒத்து வந்தது ராகிதான் அக்கா. செலவே இல்லை.

ராகி மாவில் கெட்டியாகக் கூழ் காய்ச்சுங்கள், கரண்டி நிற்க வேண்டும். இரண்டு கிண்ணத்தில் பிரித்து, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிடுங்கள். ஒன்றில் ஒரு டீஸ்பூன் சாதா ராகி மாவு, இன்னொன்றில் ஒரு டீஸ்பூன் முளைகட்டிய ராகி மாவு போட்டு நன்றாகக் கலக்குங்கள். முளைகட்டியது போட்ட கிண்ணம் கண்ணெதிரிலேயே இளகி, கொஞ்ச நேரத்தில் ஊற்றுகிற பதத்துக்கு வந்துவிடும். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை! என் மகள் நான் ஏமாற்றுகிறேன் என்றே நினைத்துவிட்டாள், இரண்டாவது தடவை அவளே எல்லாவற்றையும் அளந்து போட்டாள்.

முளைக்கும்போது தானியத்துக்குள் அமைலேஸ் என்ற நொதி பெருகும், அது மாவுச்சத்தின் நீளச் சங்கிலியை வெட்டி விடுகிறது. நம் எச்சிலிலும் அமைலேஸ் உண்டு, வெறும் சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்கிறதே, அதற்குக் காரணம் அதுதான். குழந்தைகளுக்கு முளைகட்டிய ராகிக் கஞ்சி ஏன் கொடுக்கிறோம் என்பதும் இதில் புரிந்துவிடும், அதே நீர்ப்பதத்தில் மாவு அதிகம் உள்ளே போகும்.

கொதிக்கக் கொதிக்கப் போட்டால் இளகாது, நொதி செத்துவிடும். அதையே மூன்றாவது கிண்ணமாக வைத்துக்கொள்ளலாம். முளைகட்டிய மாவு பச்சை மாவு, அதனால் இளகின பிறகு ஒரு கொதி விட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். மோரும் சின்ன வெங்காயமும் போட்டுக் குடித்தோம்.

அப்புறம் ஐயா, 6 வயதுப் பையனையும் எழுதச் சொல்கிறீர்களே, அவன் எழுத வேண்டாமே. எழுது என்றதும் என் மகளுக்கு அந்த வயதில் ஆசையே போய்விட்டது. வாயால் சொல்லட்டும், அம்மா எழுதிக்கொள்ளலாம்.

பெருந்துறை_வேதியியல்

நீங்கள் சொல்வது சரிதான் அம்மா. படம் வரையட்டும், இல்லையென்றால் டம்ளரில் எந்த இடம் வரை ஏறும் என்று பொட்டு ஒட்டட்டும். முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

கவுந்தப்பாடி_ஆத்தா

பேத்தி விடுமுறைக்கு வந்தால் எங்களுக்குச் சர்க்கரைதான் சோதனை. எங்கள் ஊர் நாட்டுச் சர்க்கரைதான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது, அதனால் இது எங்களுக்குக் கொஞ்சம் பெருமையான விஷயம்.

கற்கண்டு வளர்ப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2 டம்ளர் வெள்ளைச் சர்க்கரையை 1 டம்ளர் தண்ணீரில் சூடேற்றிக் கரைத்து, இன்னும் கரைகிற வரை போட்டு, ஆறினதும் சர்க்கரை தடவிய நூலைத் தொங்கவிட்டு ஆட்டாமல் அசைக்காமல் ஒரு வாரம் வைத்தால் நூலில் கட்டி கட்டியாகப் பிடிக்கும். சுடுதண்ணீர் தாங்குகிற சர்க்கரையை ஆறிய தண்ணீர் தாங்காது, மிச்சம் நூலில் வந்து உட்காருகிறது.

நாங்கள் இன்னொரு சொம்பில் நாட்டுச் சர்க்கரையையும் அதே மாதிரி வைத்தோம். ஒரு வாரத்துக்கு நூல் வெறுமனே பிசுபிசு என்று தொங்கியது. நாட்டுச் சர்க்கரையில் கரும்பின் மற்றச் சத்தும், குளுக்கோஸ், ஃபிரக்டோஸும் கலந்திருக்கிறது, வேறு வேறு அளவுச் செங்கல்லைக் கலந்து சுவர் கட்டினால் வரிசை நிற்காது இல்லையா, அந்த மாதிரி படிகம் அடுக்க விடாமல் இடையில் புகுந்துகொள்ளும். பேத்திக்கு இதுதான் பிடித்தது. வந்ததைவிட வராததைப் பற்றித்தான் இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பாகு வீணாகவில்லை, ஒப்புட்டுக்குப் பூரணம் கிளறிவிட்டேன்.

பொரியுருண்டை பிடிக்கிறதும் நல்ல பாடம் சாமி, கடலை வேண்டியதில்லை. வெல்லப்பாகை 2 நிமிடத்துக்கு ஒரு தடவை பச்சைத்தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். முதலில் கரைந்து ஓடும், அப்புறம் மெத்தென்று உருட்ட வரும், அப்புறம் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்கும். தண்ணீர் ஆவியாகப் போகப் போகக் கொதிநிலை ஏறுகிறது, 105ல் ஆரம்பித்து 130 வரை போகும், அந்தச் சூடுதான் கையில் பதமாகத் தெரிகிறது. தெர்மாமீட்டர் இல்லாத காலத்திலும் நம் ஆட்கள் சூட்டை அளந்துதான் இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பாகு வேலையில் சின்னவனை அடுப்புப் பக்கமே விடாதீர்கள். எனக்கே புறங்கையில் ஒரு சொட்டு விழுந்து, 20 வருடமாகியும் தழும்பு இருக்கிறது. கொதிதண்ணீர் வழிந்து ஓடிவிடும், பாகு ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தில் சொட்டை உருட்டிப் பார்க்கிறது மட்டும் அவன் வேலை.

மேட்டுப்பாளையம்_ஜீப்

சின்னதாக ஒன்று. அடுத்த தடவை ஊட்டி போகும்போது சமையல் தெர்மாமீட்டரும் நாலு முட்டையும் எடுத்துப் போங்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் 99 டிகிரியில் கொதித்தது, ஊட்டியில் என் தங்கை வீட்டில் 93லேயே கொதித்துவிட்டது, எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் ஏறவே இல்லை. இரண்டு இடத்திலும் கொதித்த பிறகு ஒரே மாதிரி முட்டையை 6 நிமிடம் போட்டு எடுத்தோம், ஊட்டி முட்டையில் மஞ்சள் கரு இன்னும் வழிந்தது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் சீக்கிரம் கொதிக்கும், ஆனால் மெதுவாக வேகும். அங்கே பருப்புக்குக் குக்கர் இல்லாமல் ஆகாது என்று தங்கை சொல்லிக்கொண்டே இருப்பாள், அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. போகிற வழியில் மூடின சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டே வருவதையும் பிள்ளைகள் கவனிக்கட்டும், பர்லியாறில் ஒரு தடவை, குன்னூரில் ஒரு தடவை.

கோபி_அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நான்கு நாளாக வீடே இதில்தான் இருக்கிறது.

மூன்று டம்ளர் வைத்தோம். மகள் எழுதியது: கம்பளி 5 செ.மீ., மேடை 2, ஃப்ரிட்ஜ் 0. சின்னவன் பொட்டு ஒட்டினான், மூன்றிலும் டம்ளர் வாய் வரை. விடிகாலை 5 மணிக்கு இரண்டு பேரும் என்னை எழுப்பிவிட்டார்கள். கம்பளியில் 3 செ.மீ., மேடையில் அரை, ஃப்ரிட்ஜில் ரப்பர் பேண்ட் போட்ட இடத்திலேயே நின்றது. பத்து மணிக்குக் கம்பளி 4 ஆகியிருந்தது, மேடை ஒன்றரை. மூன்றிலும் தனித்தனியாக இட்லி ஊற்றினோம், ஃப்ரிட்ஜ் இட்லியைக் கையில் வைத்து அழுத்தினால் ரப்பர் மாதிரி இருந்தது. எது எந்த டம்ளர் என்று சொல்லாமல் மாமனாருக்கு மூன்றையும் தட்டில் வைத்து மகளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் பிட்டுப் பார்த்து, கம்பளி இட்லியைக் கையில் எடுத்து விரித்து, உள்ளே இருந்த ஓட்டைகளை அவளுக்குக் காட்டினார். “இந்த ஓட்டையெல்லாம் அது விட்ட காத்தா கண்ணு?” என்று அவரே கேட்டார். அப்புறம் அரை மணி நேரம் இரண்டு பேரும் அந்தக் காலத்தில் பனையில் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர், தடவாவிட்டால் கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு புளிக்க விடாது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது, எனக்குத்தான் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

சந்தகையும் செய்தோம். சிவந்தது, எலுமிச்சைக்குத் திரும்பியது. சின்னவன் சோடாவை அதிகம் விட்டதால் அந்தக் கவளம் மட்டும் வாயில் வைக்க முடியாமல் போனது.

ஐயா, மகளின் அடுத்த கேள்வி. இரண்டு நாள் வெளியே இருந்த மாவு ஒரே புளிப்பு, ஆனால் இப்போது பொங்குவதில்லை. “அதெல்லாம் செத்துப்போச்சா, வயிறு ரொம்பிப்போச்சா?” என்கிறாள்.

பெருந்துறை_வேதியியல்

அவளிடம் பதிலைச் சொல்லாதீர்கள் அம்மணி. பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புதிதாக ஆட்டிய மாவு ஒரு டம்ளரில் கலக்கட்டும். இன்னொரு டம்ளரில், அதே பழைய மாவை ஒரு கொதி விட்டு ஆறவைத்து ஒரு கரண்டி. மூன்றாவதில் புது மாவு மட்டும். செத்திருந்தால் முதல் டம்ளர் எப்படி இருக்க வேண்டும், உயிரோடு இருந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் எழுதச் சொல்லுங்கள்.

கோபி_அம்மா

உளுந்து ஊறப்போட்டாயிற்றுங்க. இந்தத் தடவை எழுதியதை எனக்கும் காட்டமாட்டாளாம், மடித்து அவள் தாத்தாவிடம் கொடுத்துவிட்டாள்.